பதினொன்றிலிருந்து நான்கு: துப்பாக்கிகளைக் குறைத்துப் பயிற்சிக்கு மாறிய அனுபவம்

டெக்சாஸில் ஒரு வீட்டில் எத்தனை துப்பாக்கி இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு கிடையாது. மாநிலப் பதிவேடும் கிடையாது. கடையில் 4473 படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் எஃப்பிஐயின் பின்னணிச் சோதனை பல சமயம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பணம் கட்டி எடுத்துவர வேண்டியதுதான். எச்-1பி விசாவில் இருக்கும்வரை பொதுவாகத் தடை உண்டு (செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும்). கிரீன் கார்டு வந்ததும் அந்தத் தடையும் போய்விடும். அதனால் இங்கே துப்பாக்கி சேர்வது சேர்வதாகவே தெரியாது. 2015-ல் ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு ஒன்றில், அமெரிக்கப் பெரியவர்களில் 3 சதவீதம் பேரிடம் நாட்டின் தனியார் துப்பாக்கிகளில் ஏறக்குறையப் பாதி இருக்கிறது, ஆளுக்குச் சராசரி 17 என்று வந்தது. அதைப் படித்தபோது 17 எனக்கு அதிகமாகவே தோன்றவில்லை.

அப்போது என்னிடம் பதினொன்று இருந்தன. க்ளாக் 19 பிஸ்டல், ஒரு .45 1911 பிஸ்டல், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 ரிவால்வர், பாக்கெட்டில் அடங்கும் சின்னப் பிஸ்டல் இரண்டு, இரண்டு ஏஆர்-15 ரைஃபிள், ஒரு மோஸ்பெர்க் 500 ஷாட்கன், மான் வேட்டைக்கென்று வாங்கி வேட்டைக்கே போகாத ஒரு .308 ரைஃபிள், ஒரு பழைய ரஷ்ய மோசின் நாகாந்த், சின்ன .22 தோட்டா போடும் ஒரு ரூகர் 10/22 ரைஃபிள். இன்று இருப்பவை நான்கு: அச்சாக ஒரே மாதிரி இரண்டு க்ளாக் 19, ஒரு ஏஆர்-15, அந்த 10/22. இப்படி மாறி நாலைந்து வருடம் ஓடிவிட்டது. நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

குறைக்கத் தூண்டியது தத்துவமெல்லாம் இல்லை. 2020-ல் தோட்டா விலை எகிறியது. ஒன்று இருபது செண்ட்டுக்குள் கிடைத்துக்கொண்டிருந்த, க்ளாக்குக்கான 9 எம்எம் தோட்டா அறுபது செண்ட்டைத் தாண்டியது, அதற்கும் கடையில் வரிசை. எட்டொன்பது அளவுத் தோட்டாக்களை வைத்துக்கொண்டிருந்தவனுக்கு எதிலுமே பயிற்சிக்குப் போதுமானது இல்லை. பெட்டியில் ரிவால்வருக்கான .357 கிடக்கும், 9 எம்எம் இருக்காது. அடுத்த மாதம் நேர்மாறாக இருக்கும். இதற்கு நடுவே ஹூஸ்டன் ஈரப்பதம் வேறு. 1911-இன் நீலப்பூச்சு ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) வெறும் கையால் தொட்டு அப்படியே உள்ளே வைத்தால் சில நாளில் விரல் ரேகை பழுப்பாக எழுந்து நிற்கும். சனிக்கிழமை காலை முழுக்க எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்திருப்பேன். மனைவிதான் சொன்னாள்: "நான் பட்டுப்புடவையை எடுத்துக் காத்தாட விட்டுத் திரும்ப மடிச்சு வைக்கிற மாதிரிதாங்க இருக்கு. நானாவது கல்யாணத்துக்குக் கட்டறேன்."

சரி, விற்ற கதை. கடையில் நேராகக் கொடுத்தால் மனசு உடையும் விலைதான் சொல்வார்கள். அவர்களும் லாபம் பார்க்க வேண்டும். கன்சைன்மெண்ட்டில் வைத்தால், விற்ற பிறகு ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள், காத்திருக்கப் பொறுமை வேண்டும். டெக்சாஸ்காரர் இன்னொரு டெக்சாஸ்காரருக்குப் பின்னணிச் சோதனை இல்லாமல் நேரடியாக விற்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாங்கக்கூடாதவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ விற்பதுதான் குற்றம். எனக்கு முன்பின் தெரியாதவரோடு பார்க்கிங் லாட்டில் நின்று துப்பாக்கி கைமாற்ற விருப்பமில்லை. எல்லாமே உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் போயின. கொஞ்சம் நஷ்டம், நல்ல தூக்கம்.

ஆச்சரியப்படுத்தியது மோசின் ஒன்றுதான். ஒரு காலத்தில் பெட்டி பெட்டியாக வந்து, நூறு டாலர் சுமாருக்குக் கடை மூலையில் சாய்த்து வைத்திருப்பார்கள். வரத்து நின்ற பிறகு விலை பல மடங்காகிவிட்டது. தோளைப் பதம் பார்த்ததைத் தவிர வேறொன்றும் செய்யாத ரைஃபிள், பயிற்சி வகுப்புக்கான கட்டணத்தைத் தானே கட்டிவிட்டுப் போனது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். துப்பாக்கியைக் குறைத்தால் திறமை ஏன் கூட வேண்டும்? பணமும் நேரமும் மிச்சம் என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி கைக்குள் இருக்கிறது. 1911-ஐ உறையிலிருந்து எடுக்கும்போது கட்டைவிரலால் சேஃப்டியை (பாதுகாப்புப் பூட்டை) கீழே தள்ள வேண்டும். க்ளாக்கில் அப்படியொரு பொத்தானே இல்லை. ரிவால்வரில் ஒவ்வொரு சுடுதலுக்கும் ட்ரிகரை நீளமாக, பாரமாக இழுக்க வேண்டும். 1911-இல் தொட்டால் போதும். பிடியின் சாய்வு வேறு மாறும். 1911-இல் பழகிய கை க்ளாக்கை நீட்டினால் முனை இலக்குக்கு மேலே பார்க்கும். ரேஞ்சில் நிதானமாக நின்று ஒவ்வொன்றாகச் சுடும்போது இந்த வித்தியாசமெல்லாம் தெரியவே தெரியாது, நிதானம் எல்லாவற்றையும் மூடிவிடும். இடுப்பில் டைமரை மாட்டி அது பீப் என்றதும் எடுத்துச் சுடச் சொன்னால்தான் சாயம் வெளுக்கும். கட்டைவிரல் இல்லாத பொத்தானைத் தேடும் அந்த ஒரு கணம் டைமரில் எழுத்தாகவே வந்துவிடும்.

ஷாட் டைமர் என்பது உள்ளங்கையளவு கருவி. ஒவ்வொரு வெடிச் சத்தத்தையும் கேட்டு நேரம் குறித்துக்கொள்ளும். நான் வாங்கியதிலேயே பிரயோஜனமான பொருள் எதுவென்று கேட்டால் எந்தத் துப்பாக்கியையும் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன். சட்டைக்கடியில் மறைத்த உறையிலிருந்து எடுத்து 7 கெஜத்தில் முதல் தோட்டா படுவதற்கு எனக்கு ஆரம்பத்தில் இரண்டரை நொடிக்கு மேல் ஆகும். இப்போது 1.6 பக்கம் நிற்கிறது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது, வயசும் ஒரு காரணம்.

இதில் பெரும்பகுதி தோட்டாவே இல்லாமல் வந்தது. டிரை ஃபயர் என்பார்கள். வீட்டில் நான் செய்யும் முறை இது. தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில், கதவு சாத்தியிருக்கும். மேகசினை (தோட்டா அடைக்கும் பெட்டி) எடுத்து, ஸ்லைடைப் பின்னுக்கிழுத்து, தோட்டா உட்காரும் குழியைக் கண்ணால் பார்ப்பேன், அப்புறம் சுண்டுவிரலை விட்டும் தொட்டுப் பார்ப்பேன். கனமான புத்தக அலமாரியில் ஒட்டிய ஒரு சின்னக் குறி. முன் சைட்டின் (குறிபார்க்கும் முனை) மேல் காலித் தோட்டாக்கூடு ஒன்றை நிற்க வைத்து, அது விழாமல் ட்ரிகரை அழுத்த வேண்டும். கூடு விழுந்தால் விரலோடு சேர்ந்து மணிக்கட்டும் வேலை செய்கிறது என்று அர்த்தம். க்ளாக்கில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஸ்லைடைத் திரும்ப இழுத்துவிட வேண்டியிருப்பது எரிச்சல்தான். பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் செய்தால் கவனம் போய்விடும். முடித்ததும் வாய்விட்டு "முடிஞ்சது" என்று சொல்லிவிட்டுத்தான் துப்பாக்கியை வைப்பேன். முடித்த பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று எடுக்கும்போது விபத்து நடக்கலாம்.

ரேஞ்சில் செய்யும் பயிற்சிகளில் பழசாகாதது, நடுவே பொய்த்தோட்டா கலப்பது. மேகசினை வேறொருவர் நிரப்பித் தருவார். எது நிஜம், எது பொய் என்று சுடுபவருக்குத் தெரியாது. பொய்த்தோட்டா வரும்போது வெடிக்காது. ஆனால் துப்பாக்கியின் மூக்கு மட்டும் கீழே குத்தும், வரப்போகும் உதையை உடம்பு முன்கூட்டியே எதிர்த்துத் தள்ளுவதால். இருபது வருடம் சுட்டவர்களுக்கும் அது குத்தும். வகுப்பில் அதைப் பார்த்த பிறகு விலை உயர்ந்த ட்ரிகர் வாங்கும் ஆசையே போய்விடும்.

வகுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில், சட்டப்படி தடையில்லாத, 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். பயிற்சி கட்டாயமில்லை. உரிமம் இப்போதும் உண்டு. அதற்கான சுடும் தேர்வில் 3, 7, 15 கெஜங்களிலிருந்து 50 தோட்டா, 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அசையாத பெரிய அட்டை மேல் சுடுவது. அதில் தேறினோம் என்று யாரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு நாள் கைத்துப்பாக்கி வகுப்பு என்றால் 500, 600 டாலர் ஆகும், தோட்டா தனி. ஒரு நடுத்தரத் துப்பாக்கியின் விலைதான். ஆறாவது பிஸ்டலா, முதல் வகுப்பா என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

வகுப்பில் கற்றது மறக்காமல் இருக்க உள்ளூர் ஐடிபிஏ போட்டிகளுக்குப் போகிறேன். 1996-ல் தொடங்கிய அமைப்பு. தற்காப்புச் சூழலை ஒட்டிய போட்டிகள். மறைவுக்குப் பின்னால் நிற்பது, மேகசின் மாற்றுவது பற்றிய அதன் சில விதிகள் எனக்கு வளவளவென்று தோன்றும். ஆனால் 5×5 என்ற தரத்தேர்வு ஒன்று வைத்திருக்கிறார்கள், அது பொக்கிஷம். 10 கெஜம், ஒரே அட்டை, 25 தோட்டா. முதலில் உறையிலிருந்து எடுத்து ஐந்து, அடுத்து ஒற்றைக் கையால் ஐந்து, அடுத்து ஐந்து சுட்டு மேகசின் மாற்றி மறுபடி ஐந்து, கடைசியில் உடம்பில் நான்கும் தலையில் ஒன்றும். இழந்த புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி கூடும். அரைப் பெட்டித் தோட்டாவில் எங்கே ஓட்டை என்று காட்டிவிடும். எனக்கு ஒற்றைக் கை.

ஒரே மாதிரி இரண்டு க்ளாக் எதற்கு என்று கேட்பார்கள். ஒன்று அடிவாங்கும், இன்னொன்று சுத்தமாகச் சேஃபில் காத்திருக்கும். பயிற்சித் துப்பாக்கியில் ஸ்பிரிங் தேய்ந்து பிரித்துப்போட்டாலும் வீட்டில் வேலை நிற்காது. உறையும் மேகசினும் இரண்டுக்கும் பொருந்தும். மேகசின்களின் அடியில் பெயிண்ட் பேனாவால் எண் போட்டிருக்கிறேன். ஒரே எண் மறுபடி மறுபடி சிக்கினால் குப்பைத்தொட்டிக்கு. வெள்ளெழுத்து வந்து முன் சைட் பஞ்சுபோல் தெரிய ஆரம்பித்ததும் இரண்டிலும் ரெட் டாட் (சின்னக் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் கருவி) போட்டேன். குறியையும் புள்ளியையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். நாற்பத்தைந்து தாண்டியவர்கள் தயங்கவே வேண்டாம்.

குறைகளும் உண்டு. முதலாவது அலுப்பு. வருடக்கணக்கில் அதே கறுப்புப் பிளாஸ்டிக் பிஸ்டல், அதே டிரில். நண்பர் புதிதாக எதையாவது ரேஞ்சுக்குக் கொண்டுவரும் நாளில் கை அரிக்கும். 686-இன் ட்ரிகரை மனசு இன்னும் கேட்கிறது. இருந்தும் திரும்ப வாங்கமாட்டேன்.

இரண்டாவது யாரும் முன்கூட்டிச் சொல்லாதது: ஈயம். அதிகம் சுட்டால் அதிகம் ஈயம். வழக்கமான தோட்டாவின் பிரைமரிலேயே (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) ஈயச் சேர்மம் இருக்கிறது. காற்றோட்டம் சரியில்லாத உள்ளரங்க ரேஞ்சில் அது மூச்சோடு உள்ளே போகும். சுட்டு முடித்ததும் ஈயத்தைப் போக்கும் சோப்பும் பச்சைத்தண்ணீரும் போட்டுக் கை, முகம் கழுவாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சட்டை நேராகத் துவைக்கப் போகும். வருடாந்தரப் பரிசோதனையில் ரத்தத்தின் ஈய அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். காதும் அப்படித்தான். 9 எம்எம் வெடிச்சத்தம் 160 டெசிபல் சுமார், உள்ளரங்கில் காதடைப்பானுக்கு மேல் கவசம் என்று இரண்டும் போடுகிறேன். பதினொன்று வைத்திருந்த காலத்தில் இந்தக் கவலையெல்லாம் வரவில்லை. சுட்டால்தானே.

வரலாற்று ஆசையில் சேர்ப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, அது வேறு பொழுதுபோக்கு. தற்காப்புக்கென்று வாங்கத் தொடங்கி எண்ணிக்கையில் போய் நின்றவர்களுக்குத்தான் இது. குறைப்பதென்று முடிவெடுத்தால் முதலில் விற்க வேண்டியது, தோட்டா தனியாக வாங்க வேண்டிய, வேறெதோடும் ஒத்துப்போகாத துப்பாக்கி. அடுத்தது, எடுத்துச்செல்ல வசதி என்று வாங்கிச் சுடப் பிடிக்காமல் கிடக்கும் சின்னப் பிஸ்டல். .22-ஐ மட்டும் கடைசிவரை விற்காதீர்கள். 1964 முதல் வந்துகொண்டிருக்கும் 10/22-இல்தான் என் மனைவி கற்றுக்கொண்டாள். உதை இல்லை, சத்தம் குறைவு, ஒரு மதியம் முழுக்கச் சுட்டாலும் ஓட்டல் சாப்பாட்டுச் செலவுதான். 5×5-இல் இப்போது ஒற்றைக் கைச் சுற்றில் அவள் என்னை முந்துகிறாள்.