நீண்ட பயணத்தில் பிள்ளைகளோடு: டேப்லெட், ஹெட்போன், ஒலிக்கதைகள் – சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

விடுமுறை என்றாலே எங்களுக்கு நீண்ட பயணம்தான். பெரும்பாலும் கார், சில சமயம் ரயில் அல்லது விமானம். கூடவே வயது வித்தியாசம் உள்ள இரண்டு பிள்ளைகள். அவர்களுக்காக வாங்கிய 10 அங்குல டேப்லெட், இரண்டு ஹெட்போன், பவர் பேங்க் எல்லாம் சில வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கின்றன. படம் பார்க்கத்தான் டேப்லெட்டை வாங்கினோம். ஆனால் பயணங்களில் அதிகம் கைகொடுத்தது அதில் ஏற்றி வைத்த ஒலிக்கதைகள்.

ஓடும் காரில் திரை பார்த்தால் சின்னவளுக்குக் குமட்டும். வண்டி வளைவதையும் குலுங்குவதையும் உள்காது உணர்கிறது, கண்ணோ அசையாத திரையிலேயே இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் இந்தத் தொந்தரவு. 2 முதல் 12 வயது வரை இது அதிகம். முன் சீட்டின் பின்னால் ஸ்டாண்ட் மாட்டி, கண் மட்டத்துக்கு உயர்த்தியதில் ஓரளவு குறைந்தது. மலைப்பாதையில் அதுவும் உதவவில்லை. இப்போது நேரான நெடுஞ்சாலையில் மட்டும்தான் படம்.

கதைக்கு இந்தத் தொல்லையே கிடையாது. காது கதையில் இருக்கும், கண் ஜன்னலுக்கு வெளியே போய்விடும். வண்டி ஓட்டுபவரும் சேர்ந்து கேட்கலாம் என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். திரை என்றால் பின் சீட்டு தனி உலகமாகிவிடும். காரின் ஸ்பீக்கரில் துப்பறியும் கதை ஒன்று ஓடினால், நடுவில் நிறுத்தச் சொல்லி "திருடன் யார்?" என்று நால்வரும் விவாதிப்போம். பெரியவன் சொன்ன காரணத்தைச் சின்னவள் மடக்குவாள். இருபது, முப்பது நிமிடத்தில் ஓர் அத்தியாயம் முடியும் கதைகளாகத் தேர்ந்தெடுங்கள். சுவாரசியமான இடத்தில் வண்டியை ஓய்வுக்கு நிறுத்தினால், பிள்ளைகள் தாமே சீக்கிரம் திரும்பி வந்து ஏறிக்கொள்வார்கள்.

ஹெட்போன் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். பிள்ளைகளுக்கானது என்று விற்பவற்றில் பல, ஒலியை 85 டெசிபலில் கட்டுப்படுத்துகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலோ பிள்ளைகளுக்கு 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் என்கிறது. அதனால் கட்டுப்பாடு இருக்கிறதே என்று முழு ஒலியில் விட்டுவிடக் கூடாது. இன்ஜின் இரைச்சலில் பிள்ளைகள் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். காதை முழுவதும் மூடும் வகையை வாங்கிய பிறகு எங்கள் வீட்டில் அது குறைந்தது. ஒயர் உள்ளதையே வாங்குவேன், நடுவழியில் சார்ஜ் தீராது.

டவுன்லோடு செய்த படங்களை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள். நெட்ஃபிளிக்ஸில் சில படங்கள் ஒருமுறை பார்க்கத் தொடங்கினால் 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். கிளம்புவதற்கு முந்தைய இரவு ஃபிளைட் மோடில் போட்டு ஒவ்வொன்றும் ஓடுகிறதா என்று பார்த்துவிடுவேன். ஓட்டிப் பார்த்தாலே அந்த 48 மணி நேரக் கணக்கு தொடங்கிவிடும் என்பதால் அதற்கு முன்னாலேயே பார்ப்பதில்லை.

பவர் பேங்க் 20,000 எம்ஏஎச். விமான விதிகள் பேட்டரியின் ஆற்றலைச் சொல்லும் வாட் ஹவர் அளவில் கணக்குப் போட்டால் சுமார் 74, விமானத்தில் பொதுவாக அனுமதிக்கும் 100 வாட் ஹவருக்குள் வந்துவிடும். ஆனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. பறக்கும்போது அதைப் பயன்படுத்தச் சில விமான நிறுவனங்கள் விடுவதில்லை, அதனால் எல்லாவற்றையும் முன்பே முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஊனோ என்ற சீட்டு விளையாட்டு. ரயிலுக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் அருமை. காரில் அட்டையெல்லாம் சரிந்து கீழே போகும், சரிப்படாது.

டேப்லெட்டின் பேட்டரி இப்போது முன்பு போல நிற்பதில்லை. நிறுத்தி வைத்த காரின் வெயில் சூடு பேட்டரிக்கு ஆகாது என்பதால் இறங்கும்போதெல்லாம் கையோடு எடுத்துவிடுகிறோம். அடுத்தது வாங்கினால் 8 அங்குலமே போதும், திரைக்கு ஆகும் பணத்தைச் சேமிப்பிடத்துக்குக் கொடுப்பேன்.