பாக்கெட் ட்ரேசர்: ஏழு மாதம் உருட்டிப் பார்த்த பிறகு

சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனம் தரும் நெட்வொர்க்கிங் சான்றிதழ்) படிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது எந்த இன்ஸ்டிடியூட்டில் சேரலாம் என்றுதான். நானும் கேட்டேன், சென்னையில் ஒரு இடத்தில் பணமும் கட்டினேன். ராக்கில் இரண்டு ரௌட்டர், மூன்று ஸ்விட்ச், சுற்றி பதினெட்டு பேர். ரௌட்டரை லேப்டாப்போடு இணைக்கும் கன்சோல் கேபிள் என் கைக்கு வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். கடைசியில் எனக்கு நெட்வொர்க்கிங் சொல்லிக் கொடுத்தது சிஸ்கோ இலவசமாகத் தரும் பாக்கெட் ட்ரேசர்தான், ரௌட்டர், ஸ்விட்ச் எல்லாவற்றையும் திரையிலேயே இணைத்துப் பார்க்கும் மென்பொருள். அவர்களுடைய நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்கு தொடங்கி இறக்கிக்கொள்ளலாம், பைசா செலவில்லை, என் பழைய 4 ஜிபி லேப்டாப்பிலேயே ஓடியது.

இதில் உயிரே, தகவல் போகும் வழியை ஒவ்வொரு அடியாகக் காட்டும் சிமுலேஷன் மோடுதான். ரௌட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிசிக்கு பிங் (இணைப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் சோதனை) அடித்தால் முதல் பதில் மட்டும் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வரும், அடுத்த மூன்றும் ஒழுங்காக வரும். வகுப்பில் கேட்டதற்கு "அது அப்படித்தான், விடு" என்றார்கள். வீட்டில் சிமுலேஷனில் போட்டு ஒவ்வொரு அடியாகத் தட்டிப் பார்த்தேன்: பிங்கைக் காட்டும் சின்னக் கடித உறை ரௌட்டர் வரை போகிறது, அங்கே செத்துப்போகிறது, பதிலுக்கு ரௌட்டர் 'இந்த ஐபி யாருடையது' என்று ஒரு ஏஆர்பி கேள்வியை அனுப்புகிறது, அந்த பிசியின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) தெரிந்த பிறகு வருகிற பிங்குகளுக்குத்தான் வழி கிடைக்கிறது. பின்னால் ஒரு இன்டர்வியூவில் இதையே கேட்டார்கள், மனப்பாடம் பண்ணாமலே சொன்னேன்.

ஸ்விட்சில் கேபிள் செருகியதும் விளக்கு ஆரஞ்சாகவே நிற்கும், கேபிள்தான் தப்போ என்று பிடுங்கிப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். தகவல் வட்டமடித்துச் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்பேனிங் ட்ரீ, லிசனிங் என்ற நிலையில் 15 விநாடி, லேர்னிங் என்ற நிலையில் 15 விநாடி எடுத்துக்கொள்ளும், நான் பிடுங்கும்போதெல்லாம் அது முதலிலிருந்து எண்ணும்! மென்பொருளில் நேரத்தை ஓட்டிவிட ஒரு பொத்தான் இருக்கிறது. நிஜ ஸ்விட்சில் அதைத் தேடாதீர்கள்.

குறை என்றால், உள்ளே ஓடுவது சிஸ்கோ கருவிகளின் இயங்குதளமான நிஜ ஐஓஎஸ் இல்லை, அதைப் போலச் செய்து காட்டுவதுதான். அதனால் சில கமாண்டுகளை ஏற்காது. மேலே போகிறவர்களுக்குப் பற்றாது. ஆனால் சிசிஎன்ஏவின் 200-301 தேர்வுக்கு இது போதும் என்றுதான் சொல்வேன். தேர்வு 120 நிமிடம், கட்டணம் 300 டாலர், வரி தனி. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்ப வர முடியாது, ஆகவே நெட்வொர்க்கைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கு விரல் நுனியில் இருக்க வேண்டும். /26 அளவுத் துண்டு என்றதும் 62 ஹோஸ்ட் (அதில் இணைக்கக்கூடிய கருவிகள்) என்று வாய் தானாகச் சொல்ல வேண்டும். சான்றிதழ் 3 வருடத்துக்குத்தான் செல்லும், வேலையே உறுதியாகாமல் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள்.

அப்புறம் வேலை. நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையத்தில் (என்ஓசி) எல்1, அதாவது முதல் நிலை, நைட் ஷிப்ட். ரௌட்டர்கள் வழி கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப் எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டுப் போனேன், முதல் நான்கு மாதம் ரௌட்டரில் நிலையைக் காட்ட மட்டும் செய்யும் ஷோ கமாண்டைத் தவிர எதையும் தொட விடவில்லை. புகார் டிக்கெட் வரும், பிங், ட்ரேஸ்ரூட், சர்வீஸ் புரொவைடருக்கு போன். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு ஏதோ ஒரு கிளையில் லிங்க் டவுன், போனை எடுத்தது வாட்ச்மேன். "அண்ணா, அந்த டப்பாவில் பச்சை விளக்கு எரியுதா?" "எதுவுமே எரியலை தம்பி, மேனேஜர் போகும்போது எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டுப் போயிட்டார்." இதைப் பயிற்சி பண்ண பாக்கெட் ட்ரேசரில் வழியில்லை.

கேபிள் முனையில் கனெக்டர் அடிக்கவும் அதில் கற்க முடியாது. அதற்கு சென்னை ரிச்சி தெருவில் ஒரு கிரிம்பிங் டூல், கொஞ்சம் ஆர்ஜே45 கனெக்டர், சில மீட்டர் கேட்6 கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள். கனெக்டருக்குள் கம்பிகளின் வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. முதல் பத்து கனெக்டர் குப்பைக்குத்தான் போகும்.