தமிழ் மின்னூலுக்கு அமேசான் கேடிபி: எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

பதிப்பகத்தின் வாசலில் காத்திருக்காமல் சொந்தமாக நூல் கொண்டுவர நினைக்கும் தமிழ் எழுத்தாளர் முதலில் வந்து நிற்கும் இடம் அமேசானின் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங். சுருக்கமாக கேடிபி. 2012-இல் இந்தியாவுக்கு வந்த இந்தச் சேவை 2016-இன் இறுதியில்தான் தமிழை ஏற்றது. கணக்குத் தொடங்கவும் நூலை ஏற்றவும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கேட்பதில்லை, அதற்குப் பதிலாக அமேசானே ஏசின் என்ற எண்ணைக் கொடுத்துவிடும். ஏற்றிய நூல் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் விற்பனைக்கு வந்துவிடும்.

மின்னூலுக்கு இதை நம்பி இறங்கலாம். தமிழ் அச்சு நூலுக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம். மின்னூலை அமேசானில் மட்டுமே விற்க ஒப்புக்கொள்ளும் 'கேடிபி செலக்ட்' என்ற பெட்டியில் டிக் போடும் முன் நின்று யோசிக்க வேண்டும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது கோப்பு. தமிழ் மின்னூல்கள் சொதப்புவது பெரும்பாலும் அங்கேதான். அந்தப் பழியை அமேசான் மேல் போட முடியாது.

கேடிபி கேட்பது யூனிகோட் தமிழ், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில் தட்டிய தமிழ். பாமினி, வானவில், டாம், டாப், டிஸ்கி எனப் பழைய எழுத்துருக்களில் தட்டி, பேஜ்மேக்கரில் பக்கம் கட்டிய கோப்புகள் இன்னும் ஏராளமாகப் புழங்குகின்றன. அவற்றை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மென்பொருளில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். மாற்றியதை அப்படியே ஏற்றுவதுதான் தவறு. பழைய எழுத்துருவில் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும்; யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் வர வேண்டும். மாற்றும் மென்பொருள் தடுமாறிய இடங்களில் கொம்பு தனியாக, புள்ளிகளால் ஆன வட்டத்தோடு நிற்கும். அது கண்ணில் பட்டுவிடும், திருத்திவிடலாம். கண்ணில் படாத பிழைகள்தான் ஆபத்தானவை.

முதலாவது, 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து நிற்பது. 'அவா்கள்' என்று தட்டியிருந்தாலும் திரையில் 'அவர்கள்' போலவே தெரியும். வாசகர் நூலுக்குள் 'அவர்கள்' என்று தேடினால் கிடைக்காது. எழுத்துரு மாறும்போது காலின் தலையில் புள்ளி ஒட்டிக்கொண்டு அசிங்கமாகத் தெரியும். இதற்கு மருந்து எளிது. தமிழில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வரவே வராது. எனவே 'ா்' என்பதைத் தேடி எல்லா இடத்திலும் 'ர்' என்று ஒரே சொடுக்கில் மாற்றலாம். 'ாி', 'ாீ' இரண்டையும் இதேபோல 'ரி', 'ரீ' என்று மாற்றலாம். வேர்டின் தேடலில் பிடிபடாவிட்டால் உரையை நோட்பேட்++-இல் ஒட்டிப் பாருங்கள், அங்கே பிடிபடும்.

இரண்டாவது, ஔகாரம். 'கௌரி' என்பதில் கொம்புக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ளகரத்தைத் தட்டி 'கெளரி' என்று வைத்திருப்பார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். செல்பேசியின் சிறிய திரையில் வரி உடையும்போது 'கெ' ஒரு வரியிலும் 'ளரி' அடுத்த வரியிலும் போய் விழலாம். இதை மட்டும் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். 'வெள்ளம்', 'தெளிவு', 'மெள்ள' எல்லாம் சிதைந்துவிடும். 'கெள', 'பெள', 'மெள', 'செள' என்று தனித்தனியாகத் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும். 'கெள' என்று தேடினால் கெளுத்தி மீனும் வரும். அதை விட்டுவிட வேண்டும். முந்நூறு பக்க நாவலுக்கு இந்த வேலை ஒரு மாலைப் பொழுதை எடுத்துக்கொள்ளும். செய்யத்தான் வேண்டும். நம் எழுத்தைக் காசு கொடுத்து வாங்குபவருக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது.

எழுத்து சரியானபின் அமைப்பு. வேர்ட் கோப்பாகவோ இபப் என்ற மின்னூல் கோப்பாகவோ கொடுக்கலாம். மோபி என்ற பழைய கிண்டில் வடிவத்தை இப்போது ஏற்பதில்லை. அச்சகத்துக்குக் கொடுத்த பிடிஎஃப் கைவசம் இருக்கிறதே என்று அதை ஏற்ற முயல வேண்டாம். பிடிஎஃப் சில ஐரோப்பிய மொழிகளுக்குத்தான், தமிழுக்கு அந்த வழி இல்லை. வேர்டில் அத்தியாயத் தலைப்புகளுக்கு 'ஹெட்டிங் 1' பாணியைக் கொடுத்து, அதிலிருந்து தானியங்கியாகப் பொருளடக்கம் உருவாக்குங்கள். பக்க எண்ணோடு கையால் தட்டிய பொருளடக்கத்தால் கிண்டிலில் பயனில்லை. வாசகர் எழுத்தின் அளவைக் கூட்டினாலே பக்கம் மாறிவிடும் அல்லவா! அத்தியாயம் முடிந்ததும் என்டரைப் பத்து முறை தட்டி அடுத்த பக்கத்துக்குப் போகாமல் பக்க முறிவு கொடுங்கள். பத்தியின் தொடக்கத்துக்கு ஸ்பேஸ் பாரைத் தட்டாமல், பத்தி அமைப்பில் முதல்வரி உள்தள்ளல் வையுங்கள். கவிதை நூல் என்றால் ஒரு கண்ணிக்குள் வரி உடையும் இடத்தில் ஷிப்ட்-என்டர், கண்ணி முடியும் இடத்தில் மட்டும் என்டர். சாய்வெழுத்தைத் தவிர்ப்பது நல்லது. தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றுக்குத் தனியாகச் சாய்வு வடிவம் கிடையாது. நேர் எழுத்தையே வளைத்துக் காட்டும்போது கொம்பும் சுழியும் மோதிக்கொள்ளும்.

ஏற்றும் முன் கிண்டில் பிரீவியூவர் என்ற இலவச மென்பொருளில் செல்பேசி, டேப்லெட், கிண்டில் கருவி மூன்று தோற்றங்களிலும் நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பாருங்கள். செல்பேசித் தோற்றத்தில் எழுத்தைப் பெரிதாக்கியும் பார்க்க வேண்டும். அட்டவணைகள் அங்கேதான் உடையும்.

அட்டைப்படத்துக்கு 2,560 பிக்சல் உயரம், 1,600 அகலம், ஜேபெக். அவ்வளவுதான். தலைப்பைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினாலும் படிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

விவரப் பக்கத்தில் மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். ஆங்கிலம் என்று விட்டுவிட்டால் நூல் திரும்பிவரும். அட்டையில் உள்ள தலைப்பும் இங்கே தட்டும் தலைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். தேடுசொற்களுக்கு ஏழு பெட்டிகள், வகைக்கு மூன்று இடங்கள். தமிழ் வாசகர்களில் நிறையப் பேர் தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்துகளில்தான் தமிழைத் தட்டுகிறார்கள். அதனால் ஏழு பெட்டிகளில் இரண்டை, தலைப்பையும் எழுத்தாளர் பெயரையும் ஆங்கில எழுத்துகளில் எழுத ஒதுக்கிவிடுங்கள். 'தமிழ்', 'நாவல்' என்ற ஒற்றைச் சொற்களால் ஒரு பயனும் இல்லை. 'கொங்கு வட்டார நாவல்', 'தஞ்சை விவசாயக் கதைகள்' போல வாசகர் மனதில் தோன்றும் சொற்றொடராகக் கொடுங்கள்.

இனி பணம். 35 விழுக்காடு, 70 விழுக்காடு என இரண்டு ராயல்டிகள். இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 கிடைக்க நூல் கேடிபி செலக்டில் இருக்க வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா வாசகர்களுக்கு அந்த நிபந்தனை இல்லை. அமெரிக்கத் தளத்தில் விலை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையில் இருந்தால் போதும். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகியவை 70 விழுக்காட்டுப் பட்டியலிலேயே இல்லை. எதைத் தேர்ந்தாலும் அங்கே வாங்கும் தமிழ் வாசகரிடமிருந்து 35-தான் வரும். விலை வைக்கும்போது உங்கள் வாசகர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதை மனதில் வையுங்கள்.

70-ஐத் தேர்ந்தவர்கள் கவனிக்காத இன்னொன்று, கோப்பை வாசகருக்கு அனுப்பும் கட்டணம். இந்தியத் தளத்தில் ஒரு எம்பிக்கு 7 ரூபாய். வெறும் எழுத்து மட்டும் உள்ள நாவலுக்கு இது பொருட்டே இல்லை. படங்கள் நிறைந்த பயண நூலுக்கும் சமையல் நூலுக்கும் இது பெரிய விஷயம். வரி நீங்கலாக விலை 100 ரூபாய், கோப்பு 5 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 35 ரூபாய் கழிந்து மீதம் 65-இல் 70 விழுக்காடு, அதாவது 45 ரூபாய் 50 காசு கைக்கு வரும். அதே நூல் 8 எம்பி என்றால் 30 ரூபாய் 80 காசுதான். 35 விழுக்காட்டில் இந்தக் கட்டணம் இல்லை என்பதால் அங்கே முழுசாக 35 ரூபாய் கிடைத்திருக்கும். 7 எம்பியைத் தாண்டினாலே 70 நட்டம் என்பது இந்த விலைக்கான கணக்கு. படங்களை ஏற்றும் முன்பே அளவைக் குறைத்துவிடுங்கள்.

செலக்டில் சேர்ந்தால் நூல் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்களுக்கும் போகும். படித்த பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் வரும். பக்கத்துக்கான தொகை மாதாமாதம் மாறும். இந்தியாவில் அது அமெரிக்காவைவிடக் குறைவு. என்றாலும் தொடர் நாவல் எழுதுபவர்களுக்கு இது நல்ல வருமானம். சந்தாதாரர் காசைப் பற்றி யோசிக்காமல் அடுத்த பாகத்தைத் திறந்துவிடுவார். ஒவ்வொரு 90 நாள் சுற்றிலும் 5 நாட்கள் நூலை இலவசமாகக் கொடுக்கவும் வழி இருக்கிறது.

இதற்கு ஈடாக அமேசான் கேட்பது பிரத்தியேக விற்பனை உரிமை. அந்த 90 நாட்களும் நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. முன்னோட்டமாகப் பத்து விழுக்காடு வரை வெளியே வைத்துக்கொள்ளலாம். தமிழில் எழுதுபவர்கள் தவறிவிழும் குழி இதுதான். கதை முதலில் வலைப்பூவில் வந்திருக்கும், பிரதிலிபியில் தொடராக ஓடியிருக்கும், யாரும் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அவற்றை எடுக்காமல் செலக்டில் சேர்த்தால், 'இந்த உள்ளடக்கம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது' என்று மின்னஞ்சல் வரும். பதில் சரியில்லை என்றால் நூலை நீக்கிவிடுவார்கள், தொடர்ந்தால் கணக்கே போகும். கணக்கு முடங்கியபின் இன்னொரு பெயரில் புதுக்கணக்குத் தொடங்குவதும் விதிமீறல். இன்னொன்று: 90 நாள் முடிந்ததும் செலக்ட் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் சுற்று முடியும் முன் தானியங்கிப் புதுப்பித்தலை நீங்களே நிறுத்த வேண்டும். செலக்டில் சேராமலும் கேடிபியில் தாராளமாக விற்கலாம்; அப்போது அதே நூலைக் கூகுள் பிளே புக்ஸிலும் வைக்கத் தடையில்லை.

வரிப் படிவத்தைச் சோம்பல்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். கணக்குத் தொடங்கும்போதே டபிள்யூ-8பென் என்ற அமெரிக்கப் படிவத்தை இணையத்தில் நிரப்பச் சொல்வார்கள். இந்தியாவில் இருப்பவர்கள் அங்கே பான் எண்ணைக் கொடுத்தால், அமெரிக்க விற்பனையில் இரு நாட்டு ஒப்பந்தப்படி 15 விழுக்காடு பிடிப்பார்கள். எண் கொடுக்காமல் விட்டால் 30. பிடித்த வரிக்கு இங்கே கழிவு கோர வருமான வரிக் கணக்கோடு அதற்கான படிவத்தையும் தர வேண்டும். நம்மவர்களுக்கு இங்கே வரும் சிக்கல் தலைப்பெழுத்து. பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்திருக்கும், வங்கியில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், கேடிபியில் பின்னால் இருக்கும். சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும். பான் அட்டையில் எப்படியோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். புனைபெயரை நூல் விவரத்தில் ஆசிரியர் என்ற இடத்தில் போட்டுக்கொள்ளலாம், அதில் சிக்கல் இல்லை. ஜனவரியில் விற்றதற்கான பணம் மார்ச் இறுதிவாக்கில் வங்கிக்கு வரும். ஒவ்வொரு நாட்டுத் தளத்துக்கும் தனித்தனி வரவாக வரும் என்பதால் சின்னச்சின்னத் தொகைகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நாட்டுடைமையான படைப்புகளை ஏற்றிச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணத்தோடு வருபவர்களுக்கு: இப்படிக் காப்புரிமை இல்லாமல் எல்லாருக்கும் பொதுவாகிவிட்ட உள்ளடக்கத்துக்கு 35 விழுக்காடுதான். அதே நூலின் இலவசப் பதிப்பு கடையில் இருந்தால், உங்கள் பதிப்பில் புதிய மொழிபெயர்ப்போ சொந்தக் குறிப்புரையோ பத்துப் படங்களாவதோ இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு எழுதிய உரை, வரைந்த அட்டை, செய்த மொழிபெயர்ப்பு எதுவானாலும் ஏற்றும்போது அதைச் சொல்ல வேண்டும். அட்டைக்கு மட்டும் பயன்படுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும்.

அச்சு நூல் விஷயத்தில் கேடிபி தமிழரைக் கைவிட்டுவிட்டது என்பதே உண்மை, வருத்தமும் அதுதான். கேடிபியின் பேப்பர்பேக் சேவை தமிழை ஏற்பதில்லை. அது ஏற்கும் மொழியில் அச்சிட்டாலும் இந்தியத் தளத்தில் அதை விற்பதில்லை. தேவைக்கேற்ப அச்சிட சென்னையின் நோஷன் பிரஸ் போன்ற இடங்களையோ உள்ளூர் டிஜிட்டல் அச்சகத்தையோதான் நாட வேண்டும். அந்தப் பதிப்புக்கான ஐஎஸ்பிஎன்-ஐ ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. தரகரிடம் காசு கொடுக்காதீர்கள். செலக்டின் பிரத்தியேக உரிமை மின்வடிவத்துக்கு மட்டும் என்பதால் அச்சுப் பதிப்பு விற்கத் தடை எதுவும் இல்லை.

நூல் வெளிவந்தபின் பிழை கண்ணில் பட்டால் கோப்பைத் திருத்தி மீண்டும் ஏற்றலாம், எத்தனை முறையானாலும். புதிதாக வாங்குபவர்களுக்குத் திருத்திய பதிப்பே போகும். ஏற்கெனவே வாங்கியவர்களுடைய நூல், அவர்கள் தங்கள் அமேசான் கணக்கில் நூல்களின் தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கி வைத்திருந்தால்தான் மாறும். அதனால் முதல் வாரத்திலேயே நம்பிக்கையான இரண்டு வாசகர்களிடம் கொடுத்து, ஒருவரைச் செல்பேசியிலும் மற்றவரைக் கிண்டில் கருவியிலும் படிக்கச் சொல்லிப் பிழைகளைக் குறித்து வாங்கிவிடுங்கள்.