தடுப்பு வைத்த தட்டு: சிலிகானா, எவர்சில்வரா?

சோற்றில் குழம்பு ஒரு சொட்டுப் பட்டாலே தட்டைத் தள்ளிவிடும் பிள்ளைகளுக்காகத்தான் இந்த ஒப்பீடு. வாடை, சத்தம், வாயில் படும் தன்மை இவற்றை மற்றப் பிள்ளைகளைவிடக் கூர்மையாக உணர்பவர்கள் இவர்கள். அடம் என்று நினைத்துத் திணித்தால் குமட்டும், பிறகு அந்தப் பண்டத்தின் பக்கமே வரமாட்டார்கள். ஒரு பண்டம் இன்னொன்றோடு ஒட்டாது என்ற உறுதியைத் தருவதுதான் தடுப்பு வைத்த தட்டின் வேலை.

மதுரையில் இரண்டு வகை கிடைக்கின்றன. வெண்கலக்கடைத் தெரு மாதிரியான பாத்திரக் கடைகளில் எவர்சில்வர். குழந்தைப் பொருள் கடைகளிலும் ஆன்லைனிலும் அடியில் உறிஞ்சி ஒட்டும் சிலிகான்.

சிலிகான் தட்டு தரையில் விழுந்தாலும் ணங்கென்று ஒலிக்காது, கை வைத்தால் சில்லென்று இருக்காது. தட்டைத் தூக்கி எறியும் ஒன்றரை முதல் மூன்று வயதுக்கு இதுவே சரி. ஆனால் ஒட்டுமா என்பது தரையைப் பொறுத்தது. வழவழப்பான டைல்ஸிலும் பாலிஷ் போட்ட கிரானைட்டிலும் பிடிக்கும். டைல்ஸ் இணைப்புக் கோட்டின் மேலோ, சொரசொரப்பான சிமெண்டுத் தரையிலோ, மரப் பலகையிலோ காற்றுப் புகுந்து பெயர்ந்துவிடும். அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அப்படித்தான். ஈரத்துணியால் துடைத்து, நடுவில் அழுத்தி ஒட்டுங்கள்.

இதில் பெரிய குறை வாடை. சிலிகான் எண்ணெயையும் வாசனையையும் இழுத்து வைத்துக்கொள்ளும். பெருங்காயம், பூண்டு, பாத்திரம் கழுவும் லிக்விடின் எலுமிச்சை வாசனை எல்லாம் தங்கும். நமக்குத் தெரியாது, இந்தப் பிள்ளைக்கு நேற்றைய சாம்பார் இன்றைய தயிர்சாதத்தில் அடிக்கும். வாசனையில்லாத சோப்புப் போடுங்கள், வாரம் ஒருமுறை பத்து நிமிடம் கொதிநீரில் போட்டெடுங்கள். மஞ்சள் கறை தேய்த்தால் போகாது. வெயில் பட்டால் மஞ்சளின் நிறம் சிதையும் என்பதால் கழுவிய தட்டை மொட்டைமாடியில் காயவையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு வெளுத்துவிடும்.

எவர்சில்வரில் வாடையும் கறையும் தங்காது. மூன்று வயதுக்கு மேல் எங்கள் தேர்வு இதுதான். ஆனால் எடுப்பாகத் தெரியும் ஐந்தறை மீல்ஸ் தட்டு வேண்டாம். அதில் தடுப்பு பெரும்பாலும் தாழ்வான மேடுதான். கடையிலேயே ஓர் அறையில் தண்ணீர் ஊற்றி லேசாகச் சாய்த்துப் பாருங்கள், தாண்டி வழிந்தால் வைத்துவிடுங்கள். தடுப்பு இரண்டு செ.மீ. உயரமாவது இருக்கட்டும். மூன்று அறை போதும். ரசம், மோர் எல்லாம் தனிக் கிண்ணத்தில். மெல்லிய தகடு அதிகம் அதிரும், அதனால் கனமானதாக எடுங்கள். கரண்டி மரத்திலோ சிலிகானிலோ இருக்கட்டும். தட்டுக்கு அடியில் துணி விரித்தால் சத்தம் அடங்கும். குளிர்ச்சி ஆகாத பிள்ளைக்கு, தட்டை வெந்நீரில் அலசித் துடைத்துவிட்டுப் பரிமாறுங்கள்.

எந்தத் தட்டானாலும் பரிமாறும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு அறையில் நிச்சயம் சாப்பிடும் பண்டம், மூன்றாவதில் புதுசு. அது பட்டாணி அளவு போதும், வேகவைத்த கேரட் ஒரு துணுக்கு. "சாப்பிடு" என்று சொல்லவே வேண்டாம். பார்ப்பது, மோந்து பார்ப்பது, தொடுவது, நக்குவது, கடித்துத் துப்புவது எல்லாமே முன்னேற்றம்தான். பொதுவாகவே ஒரு புதுப் பண்டம் பழகப் பத்துப் பதினைந்து முறை வைக்க வேண்டியிருக்கும். இவர்களுக்கு இன்னும் கூடும். பிடித்த பண்டத்தில் ஒரே ஒரு அம்சத்தை மாற்றுங்கள். இட்லி இறங்குமென்றால் அடுத்து அதே மாவில் தாளிக்காத குழிப்பணியாரம், அது பழகியபின் அதிலேயே துருவிய கேரட் ஒரு சிட்டிகை. காயைப் பிசைந்து சோற்றுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்தால் சோறும் போய்விடும்.

குழைந்த தயிர்சாதத்தில் ஒரு கடுகு பல்லில் அகப்பட்டாலே சிலர் துப்பிவிடுவார்கள். ஜிகர்தண்டாவில் பாலை விரும்பிக் குடிக்கும் பிள்ளைகூட கடல்பாசி வழுக்கியதும் முகம் சுளிக்கும். ஒரே வாயில் இரண்டு தன்மை வருவதுதான் சிக்கல். தாளிப்பைப் பெரியவர்கள் பங்கில் மட்டும் கொட்டுங்கள்.

சித்திரை மாதத்தில் மாவு சீக்கிரமே புளித்துவிடும். நேற்றுத் தின்ற இட்லியை இன்று தொடவில்லையென்றால் முதலில் மாவை மோந்து பாருங்கள். பொங்கியதும் பிள்ளைக்கான பங்கை ஒருவேளை அளவாகச் சிறு டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்றாம் நாள் மாவு நமக்கு, தோசைக்கு.

எடை குறைந்தாலோ, அடிக்கடி புரையேறினாலோ, சாப்பிட்டு வந்த பண்டங்களும் ஒவ்வொன்றாக நின்றுபோனாலோ தட்டை மாற்றிப் பயனில்லை. அரசு இராசாசி மருத்துவமனை குழந்தைகள் பிரிவிலோ உங்கள் குழந்தை மருத்துவரிடமோ காட்டி, ஆக்குபேஷனல் தெரபி (சாப்பிடுவது போன்ற அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி சிகிச்சை) தேவையா என்று கேளுங்கள்.

பிடித்த தட்டு அமைந்துவிட்டால் அதே அளவு, அதே நிறத்தில் இன்னொன்றும் வாங்கிவிடுங்கள். ஒன்று பாட்டி வீட்டில் இருக்கட்டும்; தட்டு மாறினாலே சாப்பாடு வேண்டாம் என்னும் பிள்ளைகள் இவர்கள், அதே மாடல் அடுத்த வருடம் கடையில் இருக்குமென்று சொல்ல முடியாது.