பழைய பெட்ரோல் ஜீப்புக்கு வேக்கம் கேஜ் வாங்கலாமா?

தாண்டிக்குடியில் காப்பித் தோட்ட வேலைக்கு நான் வைத்திருப்பது மகிந்திரா சிஜே 3பி. 2199 சிசி ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின், காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்க சோலக்ஸ் கார்புரேட்டர். எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேர் டீசல் இன்ஜினுக்கு மாறிவிட்டார்கள். என் வண்டி மட்டும் அதற்கென்றே வந்த இன்ஜினோடு ஓட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

மழைக்காலம் முடிந்த கையோடு இரண்டு தொல்லைகள் ஆரம்பித்தன. ஸ்லோ ஸ்பீடில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் விட்டால், வண்டி அணைந்து அணைந்து போனது. உர மூட்டை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது பாதி மலையில் திணறியது. காட்டிய இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான்: "கார்புரேட்டர் போயிருச்சுண்ணே, மாத்திருங்க." இந்த வண்டிக்கு நல்ல சோலக்ஸ் கிடைப்பது லேசான காரியம் இல்லை. கோளாறு உண்மையில் அதில்தானா என்று பார்த்துவிட்டுக் கை வைப்போம் என்றுதான், இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவையை (வேக்கம்) அளக்கும் இந்தக் கேஜை வாங்கினேன். ஆன்லைனில் ஆயிரத்து ஐந்நூறுக்குள் வந்தது.

பெட்டிக்குள் உள்ளங்கை அகல டயல், ஒரு ரப்பர் குழாய், சில பித்தளை முனைகள், ஒரு டி ஜாயிண்ட். டயலில் இரண்டு அளவுகள்: 0 முதல் 30 வரை பாதரச அங்குலத்தில் வேக்கம், 0 முதல் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை பெட்ரோல் பம்பு அழுத்தம். இந்த இரண்டாவது அளவு இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கூட வரும் தாளில், நல்ல இன்ஜின் ஸ்லோ ஸ்பீடில் 17 முதல் 21 வரை காட்டும் என்று போட்டிருக்கிறது. அது கடல் மட்டத்துக் கணக்கு. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும் என்பதைத் தாளில் எங்கேயும் காணோம். மலைக்காரர்களுக்கு இது பெரிய குறை. தாண்டிக்குடி 4,000 அடிக்கு மேல். இங்கே 14 காட்டினாலே இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இது தெரியாதவர் நல்ல வண்டியை வீணாகப் பிரித்துப் போட்டுவிடுவார்.

என் வண்டியில் முள் பெரிதாக ஆடாமல் 10இல் நின்றது. இப்படிக் குறைவாக, ஆனால் நிலையாக நின்றால் ஒன்று டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பின்தங்கியிருக்கும், இல்லையென்றால் எங்கேயோ ஏர் எடுக்கிறது. ஸ்பார்க்கை உண்டாக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்டின் இடைவெளி 0.5 மில்லிமீட்டர் சரியாக இருந்தது, டைமிங்கும் சரி. அப்புறம், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை மெல்ல இழுத்தேன். கெட்டுப்போக வேண்டிய ஓட்டம் சீரானது, முள்ளும் மேலே ஏறியது. வேண்டாத காற்று உள்ளே போகிறது என்பது அங்கேயே உறுதி.

இந்த இன்ஜினில் ஒரு வசதி உண்டு. கலவை சிலிண்டர்களுக்குப் போகும் வழியான இன்டேக் மேனிஃபோல்டு தனியாக இல்லை, சிலிண்டர் ஹெட்டோடு சேர்ந்தே வார்த்தது. அதனால் அங்கே பேக்கிங் போயிருக்குமோ என்று தேட வேண்டியதில்லை. மீதி இடங்கள் கார்புரேட்டரின் அடிப் பேக்கிங், ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தகட்டின் தண்டு, வேக்கம் குழாய்கள், அவ்வளவுதான். ஆயில் கேனால் ஒவ்வொரு இடத்திலும் சொட்டு விட்டுக்கொண்டே முள்ளைக் கவனித்தேன். த்ராட்டில் தண்டின் ஓரத்தில் விட்டதும் முள் துள்ளியது. சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிக்கிறார்கள். சூடான எக்ஸாஸ்ட் அருகிலேயே இருக்கிறது, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

திண்டுக்கல்லில் ஒரு லேத் பட்டறையில் தண்டின் இரண்டு பக்கமும் துளையைப் பெரிதாக்கி வெண்கலப் புஷ் அடித்துக் கொடுத்தார்கள். அடிப் பேக்கிங்கையும் புதிதாகப் போட்டேன். பிறகு மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, முள் எங்கே அதிகம் ஏறுகிறதோ அங்கே நிறுத்தினேன். 14இல் வந்து நின்றது. காதால் கேட்டு டியூன் செய்கிற பெரிய கைகள் உண்டு, அவர்கள்மேல் எனக்கு நிறைய மரியாதை. எனக்கு அந்தக் காது இல்லை, முள்தான் துணை.

ஏற்றத்துத் திணறல் மட்டும் அப்படியே இருந்தது. யோசித்தால் அதுதான் நியாயம். த்ராட்டிலை முழுக்கத் திறந்து ஏறும்போது மேனிஃபோல்டில் வேக்கம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். அந்த நேரத்தில் தண்டு வழியாக வரும் துளிக் காற்று ஒரு பொருட்டே இல்லை. பெட்ரோல்தான் போதவில்லை. இங்கேதான் டயலின் இரண்டாவது அளவு காசுக்கு வேலை செய்தது. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே டி ஜாயிண்ட் போட்டு மாட்டினேன். இந்த இன்ஜினுக்கு 2.5 முதல் 3.75 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். ஒன்றரையைத் தாண்டவே இல்லை. பம்பைப் பிரித்தால் பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் சவ்வு, அதாவது டயஃப்ரம், விறைத்து, ஓரமெல்லாம் வெடித்திருந்தது. இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஆகாது. எத்தனால் தாங்கும் டயஃப்ரம் என்று கேட்டு வாங்கிப் போட்டேன். இப்போது உர மூட்டையோடு திணறாமல் ஏறுகிறது. புது கார்புரேட்டர் வாங்கியிருந்தாலும் இந்தப் பம்பு அதையும் பட்டினி போட்டிருக்கும்.

கேஜின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். குழாய் மட்டமான சரக்கு, இன்ஜின் சூட்டில் தளர்ந்து முனையை விட்டு நழுவுகிறது. நல்ல ரப்பர் குழாயும் கிளிப்பும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வந்த முனைகளில் ஒன்றின் மரை கூட என் வண்டிக்குச் சேரவில்லை, லேத்தில் ஒன்று கடைய வேண்டியிருந்தது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் முள் படபடவென்று அடிக்கிறது. குழாயை விரலால் லேசாக நசுக்கிப் பிடித்தால் அடங்கும். ஆனால் ரொம்ப நசுக்கினால் வால்வுக் கோளாறைக் காட்டும் துடிப்பும் மறைந்துவிடும்.

அந்தத் துடிப்பைப் பண்ணைக்காட்டு நண்பர் ஒருவரின் ஜீப்பில் பார்த்தேன். அவரும் கார்புரேட்டர் மாற்றத்தான் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். கேஜை மாட்டியதும் முள் ஒரே சீராக, விட்டு விட்டுக் கீழே விழுந்தது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில் மிகவும் குறைவு, எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருந்தது. ஹெட்டைக் கழற்றியாகிவிட்டது. கார்புரேட்டரை, பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் பாத்திரம் மட்டும் கழுவித் திரும்ப மாட்டப் போகிறார்.