ஈயத்தை விட்டுச் செப்புக் குண்டுக்கு வந்து ஆறு வேட்டைக் காலம்

கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் இருக்கும் நண்பன் வேட்டை உரிமத்துக்கான வகுப்பை முடித்துவிட்டான். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரே வரி: "மச்சான், .308-க்கு என்ன குண்டு வாங்கலாம்?" .308 என்பது துப்பாக்கியின் அளவு, அங்குலத்தில் குண்டின் விட்டம். பதில் எழுத உட்கார்ந்தவன் திட்ட ஆரம்பித்துவிட்டேன். அதில் கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டு மிச்சத்தை இங்கே போடுகிறேன்.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. காண்டோர் கழுகுக்காக வந்த சட்டம். வேட்டைக்காரன் காட்டில் போட்டுவிட்டு வரும் குடலில் ஈயத் துணுக்குகள் கிடக்கும்; அதைத் தின்று கழுகு சாகும். 1982-ல் உலகத்திலேயே 22 காண்டோர்தான் மிச்சம். பின்னக்கிள்ஸ் தேசியப் பூங்கா பக்கம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும்போது, இறக்கையில் எண் மாட்டிய ஒன்று ஒன்பதடிச் சிறகை விரித்துத் தலைக்கு மேல் மிதந்து போனதைப் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கோபமெல்லாம் குண்டின் மேல்தான்.

என்னுடையதும் .308-தான், பழைய துப்பாக்கி, இன்னொருவர் கையிலிருந்து வாங்கியது. தோட்டாவை நானே நிரப்புவேன். 180 கிரெயின் (குண்டின் எடைக் கணக்கு) ஈயக் குண்டு போட்டால் நூறு கஜத்தில் மூன்று குண்டும் ஒன்றேகால் அங்குலத்துக்குள் அடங்கும். சட்டம் வந்ததும் அதே 180-ஐச் செம்பில் வாங்கினேன். எடை ஒன்றுதானே, மாற என்ன இருக்கிறது என்று நினைப்பு.

மூன்றரை அங்குலம். அடுத்த வாரம் நான்கு. ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டுக் கழற்றி மாட்டினேன், திருகுகளை மாற்றினேன், தோளைச் சந்தேகப்பட்டேன், காபியை விட்டுப் பார்த்தேன். ஒரு வருடம் இப்படியே போயிற்று. கடைசியில் சுடுதளத்தில் பக்கத்து மேசைத் தாத்தா என் காகிதத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஓட்டைகள் வட்டமாக இல்லை, லேசாக நீண்டிருந்தன. குண்டு நேராக வராமல் சாய்ந்துகொண்டே வந்து கிழித்திருக்கிறது.

அவரே துடைக்கும் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றிக் குழலுக்குள் தள்ளினார். கம்பியில் ஒரு கோடு போட்டு, அது முழுதாக ஒரு சுற்று வரும்வரை தள்ளி அளந்தார். 12 அங்குலம். "இதுதான் உன் வியாதி" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பு 8.96. அதே எடைக்குச் செப்புக் குண்டு நீளமாகிவிடும். என் பழைய ஈயக் குண்டு 1.2 அங்குலத்தை ஒட்டி இருந்தது. செப்புக் குண்டு பிளாஸ்டிக் மூக்கோடு சேர்த்து ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. நெட்டையான பம்பரம் தலையாட்டாமல் நிற்க வேண்டுமென்றால் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். சுழற்றிவிடுவது குழலுக்குள் சுருளாக வெட்டியிருக்கும் பள்ளம், அதாவது புரி. எவ்வளவு நீளக் குண்டுக்கு எந்தப் புரி என்பதற்கு 1879-லேயே கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதர் ஒரு சூத்திரம் போட்டுவிட்டார். அதில் என் குண்டைப் போட்டால் 10 அங்குலத்துக்குள் ஒரு சுற்று கேட்கிறது; என் குழலோ 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பெட்டியின் மேல் எடையைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் நீளத்தையும் போட்டிருக்கலாம்.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், கணக்குப்படி பார்த்தால் செப்புக் குண்டுதான் யோக்கியமான குண்டு. ஈயக் குண்டுக்கு மேலே செப்புச் சட்டை. சட்டை ஒரு பக்கம் மயிரிழை தடித்துவிட்டாலும் எடையின் மையம் நகர்ந்து குண்டு தள்ளாடும். செப்புக் குண்டில் சட்டையும் இல்லை, உள்ளே தனியாக ஒன்றும் இல்லை, பிளாஸ்டிக் மூக்கு நீங்கலாக முழுக்க ஒரே உலோகம். அப்படியும் ஆயிரம் நொட்டை. ஈயம்போல நெகிழ்ந்து கொடுக்காது. தோட்டாவை மாட்டியதும் குண்டுக்கும் புரி தொடங்கும் இடத்துக்கும் நடுவே 0.05 அங்குலமாவது இடைவெளி விட்டால்தான் ஒழுங்காகப் போகிறது. ஈயத்துக்கு நான் புரியை ஒட்டியே வைத்துப் பழகியவன். அப்புறம் குழல் முழுக்கச் செம்பு அப்பிக்கொள்ளும். 1989-ல் வந்த, பார்ன்ஸ் கம்பெனியின் எக்ஸ் என்ற செப்புக் குண்டின் மேனி வழுவழுவென்று இருந்தது. 2003-ல் அதில் பள்ள வளையங்கள் வெட்டினார்கள், உராய்வும் அழுக்கும் குறையட்டும் என்று. நான் வாங்குகிற குண்டிலும் வளையம் இருக்கிறது. இருந்தும் அம்மோனியா மருந்தில் நனைத்த துணி உள்ளே போய் வெளியே வரும்போது மயில்துத்த நீலம். ஒன்று, இரண்டு, பன்னிரண்டு துணி. அந்த வாடைக்கு மனைவி என்னைக் கராஜுக்குத் துரத்தி ஆறு வருடமாகிறது.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். சுடுதளத்தில் ஈயத்துக்குத் தடை இல்லை, விலையும் மலிவு. அதில் பழகிவிட்டு, வேட்டைக்கு மட்டும் செம்பை மாட்டினேன். இரண்டு அங்குலம் இடப்பக்கம் போயிற்று. பன்றி பிழைத்தது.

150 கிரெயின் செம்புக்கு இறங்கியபின் குரூப், அதாவது ஓட்டைகள் அடங்கும் அகலம், ஒன்றரை அங்குலத்துக்கு வந்தது. ஈயம் கொடுத்த ஒன்றேகால் திரும்பவே இல்லை. நூறு கஜப் பன்றிக்கு இந்தக் கால் அங்குலம் ஒரு பொருட்டா? இல்லை. ஆனால் எனக்குப் பொருட்டுதான். நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், இந்தக் குண்டு எனக்குப் பிடிக்கவில்லை.

போன நவம்பரில் ஒரு பன்றியின் அந்தப் பக்கத் தோலடியில் குண்டு அகப்பட்டது. கழுவிப் பார்த்தால் நான்கு இதழும் பிரிந்து, செம்பில் வார்த்த இட்லிப் பூ. தராசில் 148 கிரெயின். ஆறு வருடத்தில் என்னைச் சிரிக்க வைத்தது இது ஒன்றுதான். ஈயக் குண்டாக இருந்தால் பாதி சிதறிக் கறியோடு கலந்திருக்கும். அன்றைக்கு மிளகு போட்டு வறுத்ததை மகள் மூன்றாம் முறை கேட்டு வாங்கித் தின்றாள். நான் கரண்டியைப் பார்த்துப் பார்த்துப் பரிமாற வேண்டியிருக்கவில்லை. மறுநாளே இரண்டு பெட்டி வாங்கினேன்.

ஆகவே மச்சான், 150 வாங்கு. 180-தான் வேண்டுமென்றால் என்னிடம் முக்கால் பெட்டி கிடக்கிறது, சும்மாவே தருகிறேன். முதலில் உன் குழலை அளந்துவிட்டு வா.