‘சீல் உடைக்காத கீ2’ என்று விளம்பரம் பார்த்தால், பணம் போடும் முன் இதைப் படியுங்கள்

பிளாக்பெர்ரி கீ2, கீஒன் மாதிரியான பட்டன் கீபோர்டு ஸ்மார்ட்போன்களைத் தேடி அலைகிறவர்களுக்கான எச்சரிக்கை இது. ‘புத்தம் புதுசு, டப்பா சீல் உடைக்கல, டூயல் சிம், 128 ஜிபி, இந்தியன் செட்’ என்ற விளம்பரத்தை நம்பி 16,500 ரூபாயை யூபிஐயில் அனுப்பி வாங்கப்பட்ட ஒரு கீ2-வில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். விற்றவரின் பெயர் இங்கே வராது. இதே வேலையைச் செய்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல, முறை தெரிந்தால் போதும்.

டப்பா அழகாகத்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறை இறுக்கமாக ஒட்டியிருந்தது. ஆனால் டப்பாவின் பின்பக்க ஸ்டிக்கரில் இரண்டு ஐஎம்இஐ எண்கள் (ஒவ்வொரு சிம்முக்கும் ஒன்றாக போனுக்கு இருக்கும் 15 இலக்க அடையாள எண்), போனில் *#06# அடித்தால் ஒரே ஒரு எண், அதுவும் ஸ்டிக்கரில் இருந்த இரண்டோடும் பொருந்தாத எண். அதாவது அது ஒற்றை சிம் செட். சிம் ட்ரேயில் இரண்டு குழி இருக்கிறதே என்று கேட்கலாம். இரண்டாவது குழி மெமரி கார்டுக்கு. இரட்டை சிம் செட்டின் ட்ரேயை வாங்கிச் செருகிவிட்டால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்டோரேஜில் போய்ப் பார்த்தால் 128 அல்ல, 64.

அடுத்தது கீபோர்டு. பளபளவென்று, ஒரு கீறல் இல்லை. நோட்ஸ் ஆப்பைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக அழுத்தியபோது ஒய் அழுத்தினால் இசட் விழுந்தது, இசட் அழுத்தினால் ஒய். ஜெர்மனியில் விற்கும் போன்களில் இந்த இரண்டு எழுத்தும் இடம் மாறியிருக்கும். அங்கே ஓடித் தேய்ந்த செட்டை வாங்கி, கீபோர்டின் மேல்மூடியை மட்டும் நம்மூர் எழுத்து வரிசையில் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். எழுத்து மாறினாலும் உள்ளே சாப்ட்வேர் இன்னும் ஜெர்மன் வரிசையிலேயே இருக்கிறது.

‘இந்தியன் செட்’ என்ற சொல்லே இதில் பொய்தான் என்பதை விளம்பரத்திலேயே கண்டுபிடித்திருக்கலாம். கீ2 இந்தியாவுக்கு 2018 ஜூலையில் 42,990 ரூபாய்க்கு வந்தது. வந்தது 6 ஜிபி ரேம், 64 ஜிபி, இரட்டை சிம் வகை. ஆக ‘128 ஜிபி இந்தியன் செட்’ என்று எழுதியவருக்கு ஒன்று போனைப் பற்றித் தெரியாது, இல்லை தெரிந்தே எழுதுகிறார்.

இனி ‘சீல் உடைக்காத’ என்பதற்கு வருவோம். பிளாக்பெர்ரி பெயரில் இந்த ஆண்ட்ராய்டு போன்களைச் செய்து விற்றது டிசிஎல் என்ற சீன நிறுவனம். அந்த ஒப்பந்தம் 2020 ஆகஸ்ட் 31-ஓடு முடிந்தது. அதற்குப் பிறகு புதிதாக எதுவும் வரவில்லை. இன்று உண்மையிலேயே சீல் உடைக்காத ஒரு கீ2 கிடைத்தால்கூட அதன் பேட்டரி சார்ஜே பார்க்காமல் பல வருடம் கிடந்திருக்கிறது. லித்தியம் பேட்டரி அப்படிக் காலியாகிக் கிடந்தால் கொள்ளளவு விழும், சிலது உப்பவும் செய்யும். உப்பினால் முதலில் தெரிவது பின்மூடியில். போனைக் கண்ணாடி மேசையில் மல்லாக்க வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். ஆடினால் வேண்டாம். பொய்யான சீலை விட உண்மையான சீல் நல்லது என்று நினைப்பதே தவறு. ஒழுங்காகத் தினமும் ஓடிய பழைய செட், பேட்டரி மாற்றிய பில்லோடு வந்தால், அதுதான் மேல்.

பேட்டரியில் ஒரு கணக்கு. கீ2-வில் 3500 எம்ஏஎச். யூஎஸ்பி மீட்டர் ஒன்றைச் சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகி, போன் அணைந்துபோன நிலையிலிருந்து முழுசாகச் சார்ஜ் ஏற்றினால், ஆரோக்கியமான பேட்டரிக்கு மீட்டரில் சுமார் 15, 16 வாட்-ஹவர் காட்ட வேண்டும். பேட்டரியில் நிற்பது 13.5 வாட்-ஹவர் அளவு (3500 எம்ஏஎச்சை 3.85 வோல்ட்டால் பெருக்கிய கணக்கு), மீதி சூடாகப் போகும். 9, 10-லேயே நின்றுவிட்டால் பேட்டரி போய்விட்டது, அல்லது ‘3500’ என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய டூப்ளிகேட். மீட்டரில் எம்ஏஎச் பார்க்காதீர்கள். சார்ஜர் 5 வோல்ட்டில் ஓடுகிறதா 9 வோல்ட்டில் ஓடுகிறதா என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். ‘மீட்டர்ல 3000 காட்டுது, அப்ப பேட்டரி போச்சு’ என்று நல்ல செட்டைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

போன் பேசவே முடியாமல் போவதுதான் அதிகமாக நடக்கும் ஏமாற்று. அந்தக் கீ2-வில் ஜியோ சிம் போட்டதும் மேலே 4ஜி வந்தது, யூடியூப் ஓடியது, விற்றவரும் அந்த வீடியோவைத்தான் அனுப்பியிருந்தார். கால் போட்டால் போகவில்லை. ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை, குரல் முழுக்க வோல்டிஇ (4ஜி வழியாகவே பேசும் முறை) வழியாகத்தான். வெளிநாட்டுச் சாப்ட்வேரில் நம்மூர் நிறுவனங்களுக்கான வோல்டிஇ அமைப்பு இல்லையென்றால் நெட் வரும், கால் வராது. ஏர்டெல் சிம் போட்டால் கால் போகும். ஆனால் அது 2ஜிக்கு இறங்கிப் போகிறது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும்: ஒருவரை அழைத்துப் பேசிக்கொண்டே, வைஃபையை அணைத்துவிட்டு பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறங்கள். பேச்சு முடியும்வரை பக்கம் திறக்கவில்லை என்றால் வோல்டிஇ இல்லை. கடையில் நின்றே இதைச் செய்யுங்கள். கடைக்காரர் ‘வீட்டுக்குப் போய் சாப்ட்வேர் அப்டேட் போட்டா வந்துரும்’ என்பார். அப்டேட் எதுவும் வராது. கீ2-வுக்கான ஆதரவு 2022 ஆகஸ்ட் 31-ஓடு முடிந்தது. ஆண்ட்ராய்டு 8.1-இல் பிறந்தது, 8.1-லேயே நிற்கிறது. இந்த போன்களின் பூட்லோடர் (போனை இயக்கித் தொடங்கும் அடிப்படை நிரல்) பூட்டியே இருப்பதால் லினியேஜ்ஓஎஸ் மாதிரி வெளிச் சாப்ட்வேர் ஏற்றவும் வழியில்லை. வங்கி ஆப்களும் யூபிஐ ஆப்களும் குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு அளவை அவ்வப்போது உயர்த்திக்கொண்டே போகின்றன. இன்று ஓடும் ஆப் ஆறு மாதம் கழித்து ஓடும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

இதைவிட மோசம், ஆண்ட்ராய்டுக்கு முந்தைய பிளாக்பெர்ரி மாடல்களான போல்டு 9900, கிளாசிக், பாஸ்போர்ட் ஆகியவற்றை ‘ரெட்ரோ, எல்லாம் ஒர்க்கிங்’ என்று விற்பது. பிளாக்பெர்ரி 7.1 வரையிலான பழைய ஓஎஸ், பிளாக்பெர்ரி 10 இரண்டுக்குமான சேவைகளை நிறுவனமே 2022 ஜனவரி 4-ஆம் தேதி மூடிவிட்டது. வாட்ஸ்அப் அதற்கு முன்பே, 2017 முடிவில் நின்றுவிட்டது. அலமாரியில் வைக்க வாங்கலாம். ‘ஆண்ட்ராய்டு ஆப் ஓடும்’ என்று கிளாசிக்கை விற்பவர் சொல்வது பாதி உண்மை. ஓடுவது ஆண்ட்ராய்டு 4.3 காலத்து ஆப்கள்.

கீபோர்டைச் சோதிக்கும் முறை பலருக்குத் தெரிவதில்லை. நாலு வார்த்தை அடித்துப் பார்த்துவிட்டு ‘சூப்பரா இருக்கு’ என்று எழுந்துவிடுகிறார்கள். தானியங்கித் திருத்தம் இயங்கும்போது கீபோர்டின் கோளாறு மறைந்துவிடும். இரண்டு முறை விழுந்த எழுத்தை அது திருத்திக் காட்டிவிடும். அதனால் முதலில் திருத்தத்தையும் சொல் பரிந்துரையையும் அணையுங்கள். பிறகு நோட்ஸில் ஒரு எழுத்துக்கு ஒரு வரி, வரிக்குப் பத்து அழுத்தல், 26 எழுத்துக்கும் 26 வரி. நீளம் மாறிய வரி கண்ணுக்கு உடனே தெரியும். பதினொன்று விழுந்திருந்தால் அந்த விசையின் கீழே உள்ள குமிழ் வடிவ உலோகத் தகடு தேய்ந்து, ஒரு அழுத்தலில் இரண்டு முறை தொடுகிறது. ஒன்பது என்றால் தூசு அல்லது கறை. தூசைக் காற்றடித்து எடுத்துவிடலாம். தேய்மானத்துக்கு முழு கீபோர்டையும் மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது ஸ்பேஸ் பாரில் இருக்கும் கைரேகை சென்சார் அடிக்கடி செத்துப்போகும். எனவே கைரேகையைப் பதிந்து ஐந்து முறை திறந்து பாருங்கள். கீஒன், கீ2 இரண்டிலும் கீபோர்டின் மேல் விரலைத் தேய்த்தால் பக்கம் நகர வேண்டும். நகரவில்லை என்றால் தொடு உணர்வுள்ள அடுக்கு போய்விட்டது. கீஒன்னில் இன்னொன்று: ஆரம்பத்தில் வந்த செட்களில் டிஸ்ப்ளேயைப் பிடிக்கப் பசை போதாமல் திரை கழன்று வந்தது 2017-இலேயே பேசுபொருளானது. ஓரத்தில் நகத்தால் லேசாக நெம்பிப் பாருங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள். பட்டன் கீபோர்டில் ‘ammaa’ என்று அடித்தால் ‘அம்மா’ வரும் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. அந்த மாற்றம் திரைக் கீபோர்டு ஆப்புக்குள் நடக்கிறது. பட்டன்களிலிருந்து வரும் எழுத்தைப் பெரும்பாலான ஆப்கள் பிடித்து மாற்றுவதில்லை, ஆங்கில எழுத்தாகவே விட்டுவிடும். அமைப்புகளில் ‘திரை விசைப்பலகையையும் காட்டு’ என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் தமிழ் அடிக்கலாம், ஆனால் ஏற்கெனவே 4.5 அங்குலத் திரையில் பாதி போய்விடும், கீழே பட்டன்கள் சும்மா கிடக்கும். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தமிழ் ஆப்பை அந்தப் போனிலேயே போட்டு, பட்டனில் அடித்து, எழுத்து விழுவதைப் பார்த்த பிறகே காசை எடுங்கள். விற்பவருக்கு இதில் குற்றமில்லை, அவருக்கே தெரியாது.

சரி, வேறு என்னதான் வாங்குவது? புதிதாகக் கிடைப்பதில் யூனிஹெர்ட்ஸ் டைட்டன் வரிசை இருக்கிறது. 2021-இன் டைட்டன் பாக்கெட், 2022-இன் டைட்டன் ஸ்லிம் இரண்டும் 4ஜி, ஆண்ட்ராய்டு 11. இவற்றை ‘5ஜி’ என்று விற்றால் அது பொய். 2025-இல் வந்த டைட்டன் 2-வில்தான் 5ஜி, 12 ஜிபி ரேம், 512 ஜிபி, 5050 எம்ஏஎச். திரை சதுரம். சில ஆப்களில் ‘சமர்ப்பி’ பட்டன் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். சீனாவிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி தனி. பழுதானால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு, பேட்டரி உள்ள பார்சலை வெளிநாட்டுக்கு எடுக்கக் கூரியர்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எஃப்எக்ஸ்டெக் புரோ1 எக்ஸ் போன்ற கூட்டு நிதிப் போன்களை (செய்யும் முன்பே பலரிடம் பணம் திரட்டுபவை) பற்றி ஒரு வரி போதும்: 2020-இல் ஸ்னாப்டிராகன் 835 சிப் என்று பணம் வாங்கினார்கள், பிறகு 662-க்கு மாற்றினார்கள், அனுப்பத் தொடங்கியது 2022-இல். ஆன்வர்டுமொபிலிட்டி என்ற நிறுவனம் 2020-இல் அறிவித்த 5ஜி பிளாக்பெர்ரி வரவே இல்லை, 2022 பிப்ரவரியில் நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். கையில் இல்லாத போனுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கையில் ஐபோன் இருந்தால் கிளிக்ஸ் கீபோர்டு உறை நல்ல மாற்று. தனி பேட்டரி கிடையாது, புளூடூத்தும் கிடையாது, சார்ஜ் துளையில் செருகி போனிலிருந்தே மின்சாரம் எடுக்கும். ஆகையால் 14 புரோவுக்கான உறை 15 புரோவில் செருகவே செருகாது, துளையே வேறு. ‘எல்லா ஐபோனுக்கும் பொருந்தும்’ என்று இரண்டாம் கையில் விற்பதைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். எங்கள் கணிப்பைக் கேட்டால்: நாள் முழுக்க ஆங்கில மின்னஞ்சல் அடிப்பவருக்குப் பட்டன் போன் அர்த்தமுள்ள செலவு. தமிழில் அதிகம் எழுதுபவருக்கு சாதாரண போனும் குரல் தட்டச்சும், உட்கார்ந்து எழுத ஒரு மடக்கு புளூடூத் கீபோர்டும் போதும்.

வாங்கியே தீருவேன் என்றால், பணத்துக்கு முன் ஐஎம்இஐ எண்ணை வாங்குங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு அந்த 15 இலக்க எண். இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எந்த மாடல், முடக்கப்பட்டதா என்பது வரும். கீ2 என்றால் மாடல் எண் பிபிஎஃப்100, கீஒன் பிபிபி100, விலை குறைந்த கீ2 எல்இ பிபிஇ100 என்று தொடங்கும். எல்இ-யைக் கீ2 என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. ‘இரட்டை சிம், வோல்டிஇ உண்டு, ஜியோவில் கால் போகும்’ என்று விற்பவர் கையாலேயே வாட்ஸ்அப்பில் எழுத வையுங்கள், குரல் பதிவு வேண்டாம். பார்சலை வெட்டு இல்லாத ஒரே வீடியோவில் பிரியுங்கள்: முகவரிச் சீட்டு, டப்பா ஐஎம்இஐ, *#06# மூன்றும் அதில் வர வேண்டும். உங்கள் எதிரில் ஃபேக்டரி ரீசெட் செய்து, உங்கள் கூகுள் கணக்கில் நுழைய முடிகிறதா பாருங்கள். முந்தைய உரிமையாளரின் கணக்கைக் கேட்டால் அது பூட்டிய செட்.

ஏமாந்துவிட்டால் கடை என்றால் 1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. தனிநபர் தன் பழைய போனை விற்றது என்றால் நுகர்வோர் சட்டம் கைகொடுக்காது. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930. முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் கணக்கில் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

மேலே சொன்ன கீ2 திருப்பி அனுப்பப்பட்டது. 16,500-இல் ‘டெஸ்டிங் சார்ஜ்’ என்று 2,000 பிடித்துக்கொண்டுதான் மீதி வந்தது. இப்போது அதே படங்களோடு வேறு பெயரில் 14,800-க்கு மறுபடி விளம்பரத்தில் நிற்கிறது. உங்கள் கைக்கு வந்தால் ஒய் அழுத்திப் பாருங்கள்.